தவறு தெரிய எத்தனை நாள்?

2020 மார்ச் 14, சனிக்கிழமை. புது டெல்லியில் ஜிஎஸ்டி மன்றத்தின் 39ஆவது கூட்டம். கொரோனா ஊரடங்குக்கு இன்னும் பத்து நாள்தான் பாக்கி. அன்று எடுத்த முடிவுகளில் இரண்டு, தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் கரிசல் காட்டுக்கு நடுவே கிடக்கும் திருவேங்கடத்தை நேராகத் தொட்டன. ஒன்று தீப்பெட்டி பற்றியது. மற்றது கம்ப்யூட்டர் பற்றியது.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று நீளும் தீப்பெட்டி வட்டாரத்தில் திருவேங்கடமும் ஒரு புள்ளி. வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தாலும் அடுப்பெரிய வைத்த தொழில் அது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது இந்தத் தொழிலுக்கு இரண்டு வரி விகிதங்கள் வைத்தார்கள். மின்சாரத்தின் உதவியில்லாமல் கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம். மற்றவற்றுக்கு 18 சதவீதம். காகிதத்தில் நியாயமான ஏற்பாடு. கைத்தொழிலுக்குச் சலுகை வேண்டும்தானே? ஆனால் கடைக்கு வந்துவிட்ட பெட்டியைப் புரட்டிப் பார்த்து, இது கை செய்ததா, எந்திரம் செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அது போக, இந்த வட்டாரத்தில் முழு எந்திர ஆலைக்கும் கைத்தொழிலுக்கும் இடையில் பகுதி எந்திர ஆலைகள் என்று ஒரு பெரிய கூட்டம் உண்டு. சில வேலை எந்திரத்தில், சில வேலை கையில். அவர்கள் 18 சதவீதத்தில் மாட்டிக்கொண்டார்கள். மார்ச் 14 அன்று மன்றம் இரண்டையும் ஒன்றாக்கி 12 சதவீதம் என்றது. ஏப்ரல் 1 முதல் அமல்.

இரண்டாவது முடிவுக்குப் பின்னால் கொஞ்சம் கதை இருக்கிறது.

ஜிஎஸ்டியின் கம்ப்யூட்டர் கட்டமைப்பைப் பார்த்துக்கொள்ள ஜிஎஸ்டி நெட்வொர்க் என்ற நிறுவனம் 2013இலேயே தொடங்கப்பட்டது. மென்பொருள் எழுதும் ஒப்பந்தம் 2015இல் இன்ஃபோசிஸுக்குப் போனது. மதிப்பு 1,380 கோடி ரூபாய். முதலில் போட்ட திட்டம் மிக அழகானது. ஒவ்வொரு வியாபாரியும் மாதம் மூன்று ரிட்டர்ன் போட வேண்டும். விற்றதைப் பத்தாம் தேதிக்குள் ஒரு படிவத்தில், வாங்கியதைப் பதினைந்துக்குள் இன்னொன்றில், மொத்தக் கணக்கை இருபதுக்குள் மூன்றாவதில். விற்றவர் ஏற்றிய பில்லும் வாங்கியவர் காட்டும் பில்லும் கம்ப்யூட்டரில் ஒன்றோடு ஒன்று பொருந்தினால்தான் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். திருவேங்கடத்து ஆலைக்காரர் மெழுகும் அட்டையும் வேதிப்பொருளும் வாங்குகிறார். விற்றவர்களில் ஒருவர் பில்லை ஏற்றத் தவறினாலும் அந்த வரவு தொங்கலில் நிற்கும். நாடு முழுவதும் அத்தனை பில்லையும் இப்படிப் பொருத்திவிட்டால் ஏய்ப்புக்கே இடமில்லை என்பது கணக்கு.

திட்டம் சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. இணையதளம் திணறியது. இடைக்கால ஏற்பாடாக ஜிஎஸ்டிஆர்-3பி என்ற சுருக்கமான படிவம் தொடக்கத்திலேயே வந்திருந்தது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு மட்டும் என்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் குவாஹாட்டியில் கூடிய மன்றம், இரண்டாம் படிவத்தையும் மூன்றாம் படிவத்தையும் நிறுத்திவைத்தது. இரண்டு மாத விருந்தாளியாக வந்த 3பி வீட்டுக்காரனாகவே ஆகிவிட்டது. 2018 ஜூலையில் இதைவிட எளிய புதிய ரிட்டர்ன் முறை ஒன்றுக்கு மன்றம் ஒப்புதல் தந்தது. சஹஜ், சுகம் என்று சிறு வியாபாரிகளுக்கான படிவங்களுக்குப் பெயரெல்லாம் வைத்தாகிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பழையதை மூடிவிட்டு ஒரேயடியாகப் புதியதற்கு மாறுவதாக ஏற்பாடு.

அதற்குப் பதினெட்டு நாள் முன்புதான் அந்த மார்ச் 14 கூட்டம். இணையதளக் கோளாறுகளுக்கு விளக்கம் சொல்ல இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நீலேகனி வந்திருந்தார். ஒரேயடி மாற்றம் வேண்டாம், இருக்கிற முறையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்திருத்தம் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னார். மன்றம் ஏற்றுக்கொண்டது. அப்படித்தான் 2020 ஆகஸ்டில் ஜிஎஸ்டிஆர்-2பி வந்தது. வாங்கியவர் உட்கார்ந்து ஏற்ற வேண்டிய கணக்கை, விற்றவர்கள் ஏற்றிய பில்களிலிருந்து கம்ப்யூட்டரே தொகுத்துக் காட்டியது. 2021 ஜனவரி முதல், 5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போட்டால் போதும் என்ற வசதி வந்தது. சஹஜும் சுகமும் வரவே இல்லை. வராததால் யாரும் அழவும் இல்லை.

முழுத் திட்டத்தையும் முதலிலேயே வரைந்து, ஒரே நாளில் இறக்குவதற்குப் பதில், சிறு துண்டாக இறக்கி, பயன்படுத்துகிறவர் படும் பாட்டைப் பார்த்து, அடுத்த துண்டைத் தீர்மானிப்பது: ஐ.டி. அலுவலகங்களில் இதைத்தான் அஜைல் என்கிறார்கள். சிறுசேரியிலோ டைடல் பார்க்கிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து போனில் பேசும்போது 'ஸ்ப்ரின்ட்', 'ஸ்டாண்ட்-அப்', 'பேக்லாக்' என்று காதில் விழுவதெல்லாம் இந்த முறையின் சொற்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருள்காரர்கள் கூடி எழுதிய ஒரு சிறு அறிக்கையிலிருந்து அந்தப் பெயர் பரவியது. கருத்து அதற்கும் பழையது. ஜப்பானின் டொயோட்டா ஆலையில், கோளாறைக் கண்ட தொழிலாளியே உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்ற உரிமை பல பத்தாண்டுகளாக உண்டு. ஜப்பானியத் தரப் பள்ளியின் உயர்ந்த விருதான டெமிங் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது சென்னை பாடியில் உள்ள சுந்தரம்-கிளேட்டன்; ஆண்டு 1998.

பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு இது சரி. பல நூறு கோடி ரூபாய் புழங்கும் நிறுவனத்தையோ அரசுத் துறையையோ இப்படி ஆள முடியுமா? முழுத் திட்டமும் கையில் இல்லாமல் பணம் ஒதுக்குவது யார்? முடிவு தவறிப்போனால் யாரைக் கேட்பது? தணிக்கைக்காரர் எதை வைத்துத் தணிக்கை செய்வார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவதைத்தான் மேலாண்மை உலகில் சில ஆண்டுகளாக அஜைல் ஆளுகை என்று பேசுகிறார்கள்.

பேச்சைவிட ஒரு வழக்கு தெளிவாகச் சொல்லும். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., காகிதக் கோப்புகளை ஒழிக்க ஒரு மென்பொருள் செய்யத் தொடங்கி, சுமார் 17 கோடி டாலர் செலவழித்த பின் 2005இல் அதைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு 'சென்டினல்' என்ற பெயரில் மறுபடியும் முதலிலிருந்து. இந்த முறை லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கு ஒப்பந்தம், நான்கு கட்டங்கள், மொத்தம் 45.1 கோடி டாலர். 2010 ஆகஸ்டில் கணக்குப் பார்த்தபோது 40.5 கோடி கரைந்திருந்தது. முடிந்தது இரண்டே கட்டம். அதன்பின் எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. ஆட்களைப் பெருமளவு குறைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு முடித்து, வேலை செய்வதை நேரில் காட்ட வேண்டும் என்று விதித்தது. 2012 ஜூலையில் சென்டினல் எல்லா ஊழியர்களின் கைக்கும் வந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இரண்டு வார ஸ்ப்ரின்டோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு பாதியும் உண்டு. பணம் எவ்வளவு போயிற்று, வேலை எவ்வளவு நடந்தது என்று தொடக்கத்திலிருந்தே அறிக்கை மேல் அறிக்கையாக எழுதிக்கொண்டிருந்தவர் அமெரிக்க நீதித்துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல். எஃப்.பி.ஐ.க்குக் கட்டுப்படாத தனிக் கண் அது. முறை மாறிய பிறகும் அவர் கண்காணிப்பு நிற்கவில்லை. முன்பு வரைபடத்தையும் கால அட்டவணையையும் வைத்துக் கேள்வி கேட்டவர், இப்போது ஓடுகிற மென்பொருளை வைத்துக் கேட்டார். கேள்வி கேட்பவர் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடியிருந்தால் அந்த மீதிப் பணமும் கரைந்திருக்கும்.

நம் நாட்டில் இந்தப் பாடத்தை வங்கிகள் கசப்பாகப் படித்தன. செயலி மேல் செயலி, வசதி மேல் வசதி என்று எச்.டி.எஃப்.சி. வங்கி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பரிவர்த்தனைகள் அடிக்கடி முடங்கின. 2020 நவம்பர் 21 அன்று அதன் முதன்மைத் தரவு மையத்தில் மின்சாரம் போய்ச் சேவை நின்றது. டிசம்பர் தொடக்கத்திலேயே ரிசர்வ் வங்கி, புதிய டிஜிட்டல் சேவை எதையும் தொடங்காதே, புதிய கிரெடிட் கார்டு கொடுக்காதே என்று உத்தரவிட்டது. கார்டுக்கான தடை 2021 ஆகஸ்டில் தளர்ந்தது. முழுவதும் நீங்க 2022 மார்ச் ஆயிற்று. பிறகு 2023 நவம்பரில் வங்கிகளின் ஐ.டி. ஆளுகைக்கென்றே ரிசர்வ் வங்கி விரிவான நெறிமுறை வெளியிட்டது. இயக்குநர் குழு அளவிலேயே ஐ.டி.க்கு ஒரு குழு வேண்டும் என்பது அதில் ஒன்று. 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதே மாதம் 24ஆம் தேதி கோட்டக் மஹிந்திரா வங்கிக்கும் இதே மாதிரித் தடை விழுந்தது. ஆன்லைனில் புது வாடிக்கையாளரைச் சேர்க்கவும் புது கார்டு கொடுக்கவும் அவர்களால் 2025 பிப்ரவரி வரை முடியவில்லை.

வேகத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் தகராறு என்று இதைப் படிப்பது மேலோட்டமான பார்வை. குற்றாலத்துக்குச் சீசனில் போனவர்களுக்கு விஷயம் எளிதில் விளங்கும். மலையில் மழை பெய்து பேரருவியில் வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் உடனே குளிக்கத் தடை. தணிந்ததும் அனுமதி. ஒரே நாளில் தடை வருவதும் விலகுவதும் உண்டு. அந்த முடிவுக்காகச் சென்னைக்கு எழுதிப் போட்டு யாரும் காத்திருப்பதில்லை. தண்ணீரைக் கண்ணால் பார்க்கும் இடத்திலேயே முடிவு. ஆனால் எந்த அளவுக்குமேல் குளிக்கக் கூடாது என்பதில் அங்கே நிற்பவருக்குப் பேரம் பேசும் உரிமை கிடையாது. அருவிக்கரை முடிவும்கூடத் தண்ணீரின் வேகத்துக்குப் பிந்திப் போகலாம்: 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது சிறுவன் உயிரிழந்தான்.

மென்பொருள் நிறுவனம் ஒன்றையும் இதே கண்ணால் பார்க்கலாம். தென்காசியிலிருந்து கடையம் போகும் வழியில் இருக்கிறது மத்தளம்பாறை. ஜோஹோ நிறுவனம் 2011இல் தென்காசியில் அலுவலகம் தொடங்கியபோது, மென்பொருளுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் உண்டு. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் 'ஜோஹோ டெஸ்க்' என்ற மென்பொருள் இங்கிருந்துதான் உருவாகி உலகச் சந்தைக்குப் போனது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. 2009இல் பெயர் மாறியது. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019இல் மத்தளம்பாறைக்கே குடிவந்துவிட்டார். கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கும் ஜோஹோவின் பள்ளியும் தென்காசியில் நடக்கிறது.

ஆளுகை என்ற கோணத்தில் இந்த நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டைத் தனியாகப் பார்க்கலாம். ஜனவரியில் வேம்பு தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பை விட்டு, தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்புக்கு நகர்ந்தார். குழுமத்தின் தலைமை சைலேஷ் குமார் தாவேயிடம் போனது. ஜோஹோ பிரிவு மணி வேம்புவிடமும், மேனேஜ்என்ஜின் பிரிவு ராஜேஷ் கணேசனிடமும், அமெரிக்கத் தொழில் டோனி தாமஸிடமும் வந்தன. மே மாதத்தில் இன்னொரு செய்தி: சுமார் 70 கோடி டாலரில் சிப் உற்பத்தியில் இறங்கும் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். அரசின் பணம், அதாவது வரி கட்டுகிறவர்களின் பணம், கலக்கிற தொழில். தொழில்நுட்பத்தில் போதுமான நம்பிக்கை வராததால் இயக்குநர் குழு இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்ததாக வேம்பு வெளிப்படையாகவே அறிவித்தார். பேரும் புகழும் வரக்கூடிய ஒரு திட்டத்தை, கட்டடம் எழும்புவதற்கு முன் நிறுத்துவது இந்தியத் தொழில்துறையில் அபூர்வம். நிறுத்தத் தெரிவதும் ஆளுகைதான். பெரும்பாலான நிறுவனங்கள் சறுக்குவது அங்கேதான்.

செப்டம்பரில் 'அரட்டை'. 2021இலேயே வெளியாகிச் சத்தமில்லாமல் கிடந்த ஜோஹோவின் செய்திப் பரிமாற்றச் செயலி அது. திடீரென்று மூன்றே நாளில், தினசரிச் சேருவோர் எண்ணிக்கை 3,000 என்பதிலிருந்து 3,50,000 ஆகிவிட்டது என்று வேம்பு தெரிவித்தார். நவம்பரில் பெரிய வெளியீட்டுக்குத் திட்டம் வைத்திருந்தவர்கள், அவசரமாக சர்வர்களைக் கூட்ட வேண்டியதாயிற்று. கூட்டம் வந்ததும் கேள்வியும் வந்தது. அழைப்புகளுக்கு முழு மறையாக்கம் இருக்கிறது, எழுதி அனுப்பும் செய்திகளுக்கு ஏன் இல்லை? விமர்சனத்துக்குப் பின் அந்த வசதியும் சேர்ந்தது. பயனாளர் சொன்னது சில வாரங்களில் செயலுக்கு வந்தது பாராட்டத்தக்கது. லட்சக்கணக்கானோர் வந்து உட்கார்ந்த பிறகுதான் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜோஹோவைப் பார்த்து அப்படியே செய்ய எல்லா நிறுவனங்களாலும் ஆகாது. வெளி முதலீட்டாளர் பணம் அங்கே இல்லை. பங்குச் சந்தையில் பட்டியல் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனத்தால், மத்தளம்பாறையில் பத்தாண்டு பொறுத்திருக்க முடிந்திருக்குமா என்பது சந்தேகமே. அதே காரணத்தால், பட்டியலிட்ட நிறுவனம் ஊரறியச் சொல்லியாக வேண்டிய பலவற்றை ஜோஹோ சொல்லத் தேவையில்லை. உள்ளிருப்பவர்களின் நல்ல புத்தியை நம்பியே அங்கு ஆளுகை ஓடுகிறது. அந்த நம்பிக்கை இதுவரை பொய்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

திருவேங்கடத்து லாரிக்கு வருவோம். தீப்பெட்டிப் பண்டல்களை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற சரக்கு, ஜிஎஸ்டிக்கு முன் வணிகவரிச் சோதனைச்சாவடியில் நின்று போக வேண்டும். சாவடிகளுக்குப் பதிலாக வந்தது இ-வே பில். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கென்றால் கம்ப்யூட்டரில் பில் எடுத்துக்கொண்டுதான் வண்டி கிளம்ப வேண்டும். 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் கட்டாயமாக்கினார்கள். அன்றைக்கே இணையதளம் படுத்துவிட்டது. அன்று மாலைக்குள் கட்டாயத்தைத் தள்ளிவைத்தார்கள். இரண்டாம் முறை அவசரப்படவில்லை. ஏப்ரல் 1 அன்று மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மட்டும். ஏப்ரல் 15 முதல் கேரளா, குஜராத், ஆந்திரா உள்ளிட்ட ஐந்து மாநிலங்களுக்குள். பிறகு ஒவ்வொரு தொகுதியாக. தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு ஜூன் 2 அன்று வந்தது, அதுவும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் என்ற தளர்வோடு. ஒரு நாளில் விழுந்ததை நான்கு மாதத்தில் நிமிர்த்தினார்கள். இந்திய அரசின் கம்ப்யூட்டர் திட்டங்களில் துண்டு துண்டாக இறக்குவதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது கடினம்.

விழுந்த அந்த ஒரு நாளின் செலவு யார் தலையில்? ஏற்றிய லாரியை நிறுத்திவைத்தவர் தலையில். மாறி மாறி வந்த படிவங்களின் செலவு? ஆடிட்டர் ஆபீசுக்கு ஒவ்வொரு முறையும் ஃபீஸ் கட்டிய சிறு ஆலைக்காரர் தலையில். மென்பொருள் நிறுவனம் தவறிலிருந்து கற்கும்போது செலவு பெரும்பாலும் அதன் கணக்கிலேயே எழுதப்படுகிறது. அரசு கற்கும்போது கட்டணம் குடிமகனுடையது. அரசுகளுக்கு அஜைல் ஆலோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் பேசாமல் விடும் இடம் இதுதான்.

தீப்பெட்டியையே எடுத்துக்கொள்ளலாம். கடையில் ஒரு பெட்டி ஒரு ரூபாய் என்ற விலை 2007 முதல் அசையவே இல்லை. மூலப்பொருள் விலை ஏற ஏற லாபம் தேய்ந்து, 2021 டிசம்பர் 1 அன்றுதான் இரண்டு ரூபாய் ஆனது. இரண்டு ரூபாய்ப் பெட்டிக்கு வரி ஒரு சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் வாங்குகிறவரிடம் கேட்க முடியாது. 600 பெட்டி கொண்ட பண்டலில் உற்பத்தியாளர்தான் தாங்க வேண்டும். 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தது 2025 செப்டம்பர் 22 அன்று. இடைப்பட்ட ஐந்தரை ஆண்டுகளில் உற்பத்தியாளர் சங்கங்கள் கொடுத்த மனுக்களுக்குக் குறைவில்லை. இணையதளம் திணறினால் அன்று மாலையே டெல்லிக்குத் தெரிந்துவிடுகிறது. வரி விகிதம் திணறடித்தால் அமைச்சர் வழியாக, எம்.பி. வழியாக, சங்கம் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

2019 டிசம்பரில் மன்றம் ஒரு நல்ல முடிவெடுத்தது: வரி அதிகாரிகளோடு வணிகப் பிரதிநிதிகளும் உட்காரும் குறைதீர்ப்புக் குழுக்களை மண்டலம், மாநிலம் அளவில் அமைப்பது. அந்தக் குழுவில் சிவகாசி, கோவில்பட்டிக் குரலோடு திருவேங்கடத்துச் சிறு ஆலைக்காரரின் குரலும் கேட்க வேண்டும். பெரிய ஆலைக்குத் தனி ஆடிட்டர் உண்டு. சிறியவருக்குக் குழுதான் கதி.

முறையீட்டு விஷயத்தில் மட்டும் ஜிஎஸ்டி அமைப்பு சுறுசுறுப்பைச் சுத்தமாக மறந்தது. வரி கேட்டு வந்த உத்தரவு தவறென்றால் போய் முறையிடத் தனித் தீர்ப்பாயம் உண்டு என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதில் நீதித்துறை உறுப்பினரைவிட அதிகாரிகள் தரப்பு உறுப்பினர் எண்ணிக்கை கூடுதலாக இருப்பது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சட்டத்தைத் திருத்த 2023 வரை ஆனது. அதுவரை, மேல்முறையீட்டு அதிகாரி சொன்னதை ஏற்காத சிறு வியாபாரிக்கு உயர் நீதிமன்றத்தைத் தவிர வேறு வாசல் இல்லை. படிவங்களை மாதக் கணக்கில் மாற்றிக்கொண்டிருந்த ஜிஎஸ்டிக்கு அந்தத் தீர்ப்பாயம் முறைப்படி தொடங்கியது 2025 செப்டம்பர் 24 அன்று. வரி வந்து எட்டு ஆண்டுகள் கழித்து.